கருவி வினைமுதலாகுமோ?

உலகத்து நிகழும் தொழில் எதுவாயினும் அதற்குச் செய்வோன் ஒருவன் உளன் என்பது இலக்கண நூலாரும் சமய நூலாரும் ஒருங்கே கொண்ட துணிபாம். தொல்காப்பியனார் தொழில் நிகழ்தற்கு வேண்டும் முதனிலைகளை எட்டாக எண்ணியவிடத்துச் செய்வோனை ஒன்றாகவும் கருவியைப் பிறிதொன்றாகவும் நிறுத்தினார். சித்தாந்த நூலார் குடத்தை எடுத்துக்காட்டி, மண் முதற்காரணம், தண்டும் சக்கரமும் துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணம் என வகுத்தனர். சக்கரம் எத்துணை விரைவாகச் சுழலினும், எத்துணை நுட்பமாக அமைந்ததாயினும், அது குயவன் ஆவதில்லை. அரிவாள் நன்றாக வெட்டுகிறது, எழுத்தாணி நன்றாக எழுதுகிறது என்று உலகத்தார் கூறுவது உண்டு. அஃது உபசார வழக்கேயன்றி உண்மை வழக்கன்று.

இவ்வளவும் சிறுவரும் அறிந்ததே. ஆயினும் இச்சிறிய உண்மையைக் குறித்தே இக்காலத்து அறிவுடையார் அவையொன்றில் ஐயம் எழுந்தது. 2017ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 16ஆம் நாள் ஐரோப்பியப் பாராளுமன்றம் தானியங்கு இயந்திரங்களைப் பற்றிய தீர்மானம் ஒன்றை நிறைவேற்றிற்று. தாமே முடிவு செய்து இயங்கவல்ல மிக நுட்பமான இயந்திரங்களுக்கு 'மின்னணு ஆள்' என்னும் சட்டநிலையை வழங்கி, அவை விளைக்கும் தீங்கிற்கு அவற்றையே பொறுப்பாக்கலாமா என்று வருங்காலத்தில் ஆராய்தல் வேண்டும் என்பது அத்தீர்மானத்துட் கண்ட ஒரு பகுதி. அடுத்த ஆண்டிலேயே சட்ட அறிஞரும் இயந்திர நூல் வல்லாருமாக 150க்கு மேற்பட்டோர் கைச்சாத்திட்டு அதனை மறுத்து எழுதினர். 2020ஆம் ஆண்டு அக்டோபரில் அதே பாராளுமன்றம் அத்தகைய ஆள்நிலை வேண்டுவதில்லை எனக் கூறி அக்கருத்தைக் கைவிட்டது. சட்டத்தளவில் வழக்கு அவ்வாறு அடங்கிற்று. அதனடியிற் கிடந்த வினாவோ அடங்கவில்லை. கருவி வினைமுதலாகுமோ என்பதே அவ்வினா.

ஆகலாம் என்பார் கூறும் காரணங்களுள் முதலாவது, சட்டம் உயிரில்லாதவற்றையும் ஆளாகக் கொள்ளுகின்றது என்பது. வாணிகச் சங்கங்கள் வழக்காடுகின்றன. இந்திய நாட்டு நீதிமன்றங்களோ, கோயிலில் எழுந்தருளிய மூர்த்தியையே சொத்துரிமையுடைய ஆளாகக் கொண்டு நெடுங்காலமாகத் தீர்ப்பளித்து வருகின்றன. அங்ஙனமாயின் இயந்திரத்துக்கு மட்டும் அந்நிலை மறுக்கப்படுவது என்னை எனின், கூறுதும் என்று விடையிறுப்பார்க்கு விடை எளிது. மூர்த்தியை ஆளாகக் கொண்டது கோயிற் பொருளைக் காத்தற்பொருட்டு. தருமகர்த்தர் பிழைசெய்தால் அப்பிழை தருமகர்த்தரதே. மூர்த்தியின்மேல் அதனை ஏற்றிவிட்டு அவர் நீங்குவதற்கு எந்நீதிமன்றமும் இடங்கொடாது. இயந்திரத்தை ஆளாக்குவதன் நோக்கமோ இதற்கு நேர்மாறானது. செய்தவர் நீங்கிக்கொள்ளுதற்கு ஒரு வாயில் திறப்பதே அதன் பயனாக முடியும்.

இரண்டாவது காரணம் இதனினும் வலியது. பழைய இயந்திரம் செய்தவன் கருதியதையே செய்தது. இக்காலத்துக் கற்கும் இயந்திரமோ எண்ணிறந்த எடுத்துக்காட்டுகளினின்று தானே வழக்கங்களைத் திரட்டிக்கொண்டு, செய்தவனும் எதிர்பாராத முடிவுகளைத் தருகின்றது. செய்தவன் அறியாத செயல் செய்தவன் செயலாவது எங்ஙனம் என்று வினவுவர். மதங்கொண்ட யானையைத் தெருவில் அவிழ்த்துவிட்டவன், அது எவ்வீட்டுத் திண்ணையை இடிக்கும் என்பதை அறியான். அவ்வறியாமை அவனுக்குக் கழுவாய் ஆவதில்லை. அறியமுடியாததை அவிழ்த்துவிட்டான் என்பதே அவன்மேற் குற்றமாம். இத்தனைக்கும் யானை உயிருடையது, தனக்கென இச்சையும் செயலும் உடையது. உயிருடைய ஒன்றன் செயலே அவிழ்த்துவிட்டவனைச் சாருமாயின், சடமாகிய ஒன்றன் செயல் சாரும் என்பது சொல்லவேண்டா. எதிர்பாராமை வேறு, இச்சை வேறு. தாயக்கட்டை இன்ன எண் விழும் என்று உருட்டுவோன் அறியாதபடி விழுகின்றது. அதனால் அதற்கு இச்சை உண்டென்பார் ஒருவரும் இல்லை.

இனி, கருவி வினைமுதல் ஆகாது என்று துணிந்த அளவில் ஆராய்ச்சி முடிந்துவிடுமோ எனின், அற்றன்று. உண்மையான இடர் அதற்கப்பாலே உள்ளது. கருவி செய்வோன் ஆகாவிடினும், செய்வோன் கருவியின் இயல்பை அடைதல் கூடும். ஆன்மா சார்ந்ததன் வண்ணமாதல் சித்தாந்தத்தின் அடிப்படைக் கொள்கைகளுள் ஒன்று. பளிங்கு அருகிருந்த பொருளின் நிறத்தைக் கொள்வதுபோல, நாளெல்லாம் சடத்தோடு கூடித் தொழில்செய்யும் உயிர், காணாமையையும் கேளாமையையும் அதனிடமிருந்து பெறுகின்றது. இதற்கு அண்மைக்காலத்து நிகழ்ச்சி ஒன்று சான்றாகும்.

கனடா நாட்டு அரசினர்க்குரிய அணுவாற்றல் நிறுவனம் ஒன்று, புற்றுநோய்க்குக் கதிர்ச் சிகிச்சை செய்யும் தெராக்-25 என்னும் இயந்திரத்தைச் செய்து விற்றது. அதற்கு முன்னிருந்த இயந்திரங்களில், கதிர் அளவு கடந்தால் இயக்கத்தைத் தடுக்கும் இரும்பாலும் கம்பியாலும் ஆகிய தடைகள் தனியே அமைந்திருந்தன. தெராக்-25 செய்தோர் அவற்றுட் பலவற்றை நீக்கி, அக்காவலைக் கணிப்பொறியின் நிரலுக்கே விட்டனர். 1985 ஜூன் முதல் 1987 ஜனவரி வரை அமெரிக்காவிலும் கனடாவிலுமாக ஆறு நோயாளர் இவ்வியந்திரத்தால் அளவிறந்த கதிர் பெற்றனர். அவருட் சிலர் அதனாலேயே இறந்தனர்.

1986 மார்ச் 21ஆம் நாள் டெக்சாஸ் மாநிலத்து டைலர் நகரில் நடந்தது இது. சிகிச்சைக்கு வந்தவர்க்கு வேண்டிய அளவு 180 ராட். இயந்திரத்தை இயக்கிய பெண், எலெக்ட்ரான் கதிருக்குரிய எழுத்துக்கு மாறாக எக்ஸ் கதிருக்குரிய எழுத்தைத் தட்டிவிட்டார். உடனே தவற்றை உணர்ந்து திருத்தினார். தட்டச்சில் நெடுநாட் பழகிய கையாதலால் அத்திருத்தம் சில நொடிகளுள் முடிந்தது. நிரலோ அவ்விரைவை எதிர்நோக்கி எழுதப்பட்டதன்று. முன்னைய கட்டளையின்படி காந்தங்களைச் சீர்செய்துகொண்டிருந்த 8 நொடிகளுக்குள் நிகழ்ந்த மாற்றத்தை அது கண்டுகொள்ளவில்லை. ஆதலின் எக்ஸ் கதிருக்குரிய பெருவலியோடு, அதனைத் தாங்கவேண்டிய உலோகத் தகடு இடையில் இன்றியே, கற்றை நோயாளர்மேற் பாய்ந்தது. திரையில் 'பழுது 54' என்னும் சொற்கள் தோன்றின. அதன் பொருள் இயக்குவோர்க்குத் தந்த கையேட்டில் விளக்கப்படவில்லை. கொடுக்கப்பட்ட கதிர் வேண்டியதினும் மிகக் குறைவு என்றே திரையிற் கண்ட எண் காட்டிற்று. அவ்வியந்திரம் நாள்தோறும் ஏதேனும் ஒரு பழுதைக் கூறி நிற்பதும், 'தொடர்க' என்னும் விசையை அழுத்தியவுடன் மீண்டும் இயங்குவதும் வழக்கம். வழக்கப்படி அவர் அவ்விசையை அழுத்தினார். இரண்டாம் முறையும் கற்றை பாய்ந்தது.

உள்ளே கிடந்தவர் எழுந்து கதவைத் தட்டினார். அறையின் நிலையைக் காட்டும் திரை அன்று மின்னிணைப்பின்றிக் கிடந்தது. ஒலியைக் கேட்பிக்கும் கருவியும் பழுதுற்றிருந்தது. அவர் பெற்ற கதிர் 16,500 முதல் 25,000 ராட் வரை இருக்கலாம் எனப் பின்னர்க் கணக்கிட்டனர். ஐந்து மாதத்தில் அவர் இறந்தார்.

இவ்வினைக்கு வினைமுதல் யார்? விசையை அழுத்திய விரல் அப்பெண்ணினது. ஆயினும் அவர் அறிந்து செய்தது யாதொன்றும் இல்லை. நிரலைப் பெரும்பாலும் ஒருவரே சில ஆண்டுகளாக எழுதினார். தடைகளை நீக்குதல் தகுமெனத் துணிந்தவர் அவரல்லர். தடைகளை நீக்கியோர் நிரலை நம்பினர். விற்றோர் முன் விற்ற இயந்திரங்களின் நற்பெயரை நம்பினர். அந்நற்பெயரின் உண்மையோ இதனினும் வியப்புடையது. முன்னைய இயந்திரத்து நிரலிலும் அப்பிழை இருந்தது என்றும், இரும்புத் தடைகள் ஒவ்வொரு முறையும் அதனைப் பிடித்து நிறுத்தினமையால் ஒருவரும் அறியாது போயினர் என்றும் பின்னர்த் தெரியவந்தது. காவலன் திறமையால் கள்வன் வெளிப்படாதிருக்க, கள்வனே இல்லையென்று காவலனை நீக்கிய கதை இது. ஆக, ஒவ்வொருவர் கையிலும் ஒரு சிறு பங்கு இருந்தது. ஒருவர் கையிலும் வினை முழுதும் இல்லை. பங்கு சிறிதாகுந்தோறும் அது தன்னுடையதன்று என்று கருதுவது எளிதாகின்றது.

வினையைப் பங்கிட்டாற் குறையுமோ எனின், குறையாது. பொருளைப் பங்கிட்டால் ஒவ்வொரு பங்கும் சிறிதாம். அறிவையும் குற்றத்தையும் பங்கிட்டால் அங்ஙனம் ஆவதில்லை. ஒரு பாட்டை நூறு மாணவர் கற்றால் ஒவ்வொருவர்க்கும் நூறிலொரு பங்கு பாட்டு அமைவதில்லை. புலால் உண்பானும் விற்பானும் ஒருவர்மேல் ஒருவர் பழிசாற்றித் தப்பவியலாமையைத் திருவள்ளுவர் புலான்மறுத்தல் அதிகாரத்துள் காட்டியதும் இக்கருத்துப் பற்றியே. நன்னூலின் வழிவந்த இலக்கணத்தாரும் கருத்தாவை இயற்றுதற் கருத்தா என்றும் ஏவுதற் கருத்தா என்றும் இரண்டாக்கினரேயன்றி, ஏவியவன் உளனாதலால் இயற்றியவன் இலன் என்றோ, இயற்றியவன் உளனாதலால் ஏவியவன் இலன் என்றோ கூறினாரல்லர்.

முற்காலத்துப் பொறியியலில் இப்பங்கீடு இத்துணை நுண்ணிதாக இருந்ததில்லை. 1907 ஆகஸ்டு 29ஆம் நாள், கனடாவின் செயின்ட் லாரன்ஸ் ஆற்றுக்குக் குறுக்கே கியுபெக் நகரருகே கட்டப்பட்டு வந்த பெரும்பாலம் இடிந்து 75 தொழிலாளர் மாண்டனர். அவருள் 30க்கு மேற்பட்டோர் அந்நாட்டுப் பழங்குடியினராகிய மொஹாக்கர். பாலத்தின் நடுக்கண் 1,600 அடியிலிருந்து 1,800 அடியாக நீட்டப்பட்டபோது, அதன் எடையை மீண்டும் கணக்கிடாது விட்டிருந்தனர். ஆராய்ச்சிக் குழுவினர் இரண்டு பொறியியலாளரைப் பெயர் சொல்லிச் சுட்டி, இவ்விருவர்தம் தீர்மானப் பிழையே காரணம் என்று எழுதினர். அந்நாட்டுப் பொறியியலாளர் 1925 முதல் பட்டம் பெறுங்காலத்து ஓர் உறுதிமொழி கூறி, தொழில் செய்யும் கையின் சிறுவிரலில் இரும்பு மோதிரம் அணிந்துகொள்ளும் வழக்கத்தை மேற்கொண்டனர். அம்மோதிரம் இடிந்த பாலத்தின் இரும்பாற் செய்யப்படுவது என்று கூறுவது கட்டுக்கதை. ஆயினும் வரைபடம் எழுதும் கை காகிதத்தில் உராயுந்தோறும் அவ்விரும்பு தட்டுப்படும் என்பது மெய்யே.

இதனோடு 2018, 2019ஆம் ஆண்டுகளில் நிகழ்ந்ததை ஒப்பிடுக. போயிங் 737 மாக்ஸ் என்னும் விமானங்கள் இரண்டு, 2018 அக்டோபர் 29இல் இந்தோனீசியக் கடலிலும், 2019 மார்ச் 10இல் எத்தியோப்பிய நிலத்திலும் வீழ்ந்து 346 பேர் இறந்தனர். ஒரே ஓர் உணர்கருவி தந்த பிழையான அளவை நம்பி, விமானத்தின் மூக்கைத் தானே தாழ்த்தும் ஏற்பாடு ஒன்று அதனுள் இருந்தது. முதல் விமானம் வீழ்வதற்கு முன், அவ்வேற்பாடு உளது என்பதும் விமானிகளின் கையேட்டிற் சொல்லப்படவில்லை. நிறுவனம் 2021இல் 250 கோடி டாலருக்கு மேற்பட்ட தொகைக்கு உடன்பட்டது. தனியாளாகக் குற்றஞ்சாட்டப்பட்டவர் நிறுவனத்தின் முன்னாள் விமானி ஒருவரே. 2022 மார்ச்சில் நடுவர் குழு அவரைக் குற்றமற்றவர் என விடுவித்தது. 346 உயிர் போன வினைக்குத் தொகை உண்டு, பெயர் இல்லை.

பெயர் கிடைக்கும் இடமும் உண்டு. அங்கே அது கிடைக்கும் முறையை நோக்கினால் மற்றொரு குறை புலனாகும். 2018 மார்ச் 18ஆம் நாள் இரவு, அரிசோனா மாநிலத்து டெம்பி நகரில், ஊபர் நிறுவனம் சோதித்துவந்த தானியங்கு மோட்டார் வண்டி, மிதிவண்டியைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்த ஒரு பெண்மணியை மோதிக் கொன்றது. மோதுவதற்கு 5.6 நொடி முன்னரே வண்டியின் உணர்கருவிகள் அவரைக் கண்டுவிட்டன. கண்ட பொருள் இன்னதென்று துணியமாட்டாது, வண்டி என்றும் அறியாப் பொருள் என்றும் மிதிவண்டி என்றும் அக்கணிப்பொறி மாறிமாறிக் கொண்டது. கடக்குமிடமென்று குறித்த இடமல்லாத இடத்தில் மனிதர் சாலையைக் கடப்பர் என்னும் எண்ணமே அதனுள் வைக்கப்படவில்லை. வண்டியோடு செய்தோர் அமைத்திருந்த திடீர்த் தடையும், ஊபரின் ஏற்பாடு இயங்குங்கால் இயங்காதபடி நிறுத்தப்பட்டிருந்தது. முன்னர் இருவர் அமர்ந்து காவல் செய்த இருக்கைகளில் ஒருவரே இருக்குமாறு ஆட்குறைப்பும் நடந்திருந்தது. அவ்வொருவர் அப்போது கைபேசியை நோக்கிக்கொண்டிருந்தார். நிறுவனத்தின்மேற் குற்ற வழக்கு இல்லை என்று 2019இல் அறிவித்தனர். காவலிருந்தவர்மேல் 2020இல் வழக்குத் தொடுத்தனர். 2023இல் அவர் குற்றத்தை ஒப்பி மூவாண்டு நன்னடத்தைக் கண்காணிப்புப் பெற்றார்.

அவர் குற்றமற்றவர் என்பது ஈண்டுக் கருத்தன்று. நாள்முழுதும் தானே ஓடும் வண்டியில், ஒன்றும் செய்யாது, ஆனால் எக்கணத்தும் செய்ய ஆயத்தமாய் விழித்திருக்க வேண்டுமென்று ஓர் உயிரை அமர்த்தியது யார் செயல் என்பதே வினா. தொழிலைத் தானியங்கச் செய்யுந்தோறும் மனிதற்கு எஞ்சுவது அவன் இயல்புக்குச் சற்றும் ஒவ்வாத காவற்றொழிலே என்பதை லிசேன் பெயின்பிரிட்ஜ் என்னும் அறிஞர் 1983ஆம் ஆண்டிலேயே எழுதிக் காட்டினார். அறிந்திருந்தும் அவ்விருக்கை அமைக்கப்பட்டது. ஏவுதற் கருத்தா மறைந்துகொள்ள, இயற்றுதற் கருத்தாவின் தலையில் வினை முழுதும் வீழ்ந்தது. உண்மையில் அவர் இயற்றியதும் அன்று, இயற்றாது விட்டதே.

தேர்க்காலில் உயிர்போன மற்றொரு நிகழ்ச்சியைச் சைவர் நன்கறிவர். திருவாரூரில் அரசிளங்குமரன் ஊர்ந்த தேரின்கீழ் ஆன்கன்று ஒன்று புகுந்து இறந்தது. அவன் அதனைக் கண்டிலன். கொல்லக் கருதினானும் அல்லன். அமைச்சர் சட்டம் அறிந்தவர்; வழக்கத்தில் உள்ள கழுவாயை எடுத்துரைத்தனர். மனுநீதிச் சோழர் அதனை ஏற்றிலர். அவர் செய்த தண்டம் முறையோ என்று வாதிப்பார் உளர். அவ்வாதம் ஈண்டு வேண்டா. நோக்கற்பாலன இரண்டு. தேர்மேற் பழி போகவில்லை, குதிரைமேற் போகவில்லை. வினை தன் குடிக்குரியது என்று அரசர் தாமே ஏற்றார். மற்றொன்று அதனினும் முதன்மையானது. அரண்மனை வாயிலில் ஒரு மணி தொங்கிற்று. வாயில்லா உயிரும் அதனை அசைத்துத் தன் துயரைச் செய்வோன் செவிக்குச் செலுத்த முடிந்தது. அம்மணி இல்லையேல் சோழர்தம் நீதி முழுதும் உறங்கியே கிடந்திருக்கும்.

டைலர் நகர் மருத்துவ நிலையத்தில் மணி இருந்தும் ஒலிக்கவில்லை. 'பழுது 54' என்பது மணியே. ஆனால் பொருளற்ற ஒலியாக அதனை அமைத்துவிட்டனர். கதவு தட்டப்பட்டது, கேட்பிக்கும் கருவி பழுதாகி இருந்தது. செய்தோரை வினவியபோது, இவ்வியந்திரம் அளவு கடந்து கதிர் பாய்ச்சுதல் இயலாது என்றும், வேறெங்கும் அத்தகையது நிகழ்ந்ததாகத் தாம் அறியோம் என்றும் விடை வந்தது. வேறிடங்களிலிருந்து அவர்கட்கு அதற்கு முன்னரே முறையீடுகள் போயிருந்தன. உடம்பும் மாயையின் காரியமாகிய கருவியே எனினும், கையால் அடிப்பவனுக்கு அடியின் வன்மை கையிலே தெரிகின்றது. அதனாலேயே கை சிலபொழுது தானே நின்றுவிடுகின்றது. நீண்ட கருவிகளில் அவ்வுணர்ச்சி திரும்பி வருவதில்லை. திரும்பி வரும் வழியை அமைத்தல் இயந்திரம் செய்வோன் கடமையுட் சேர்ந்தது. அதனை அமையாது விடுதல் மறதியன்று, அதுவும் ஒரு வினையே. 2024இல் ஐரோப்பிய ஒன்றியம் பொருட்குறைப் பொறுப்புச் சட்டத்தைப் புதுக்கி, நிரலையும் செய்பொருளாகவே எண்ணி, அதன் குறையால் விளையும் தீங்கிற்குச் செய்தோரைப் பொறுப்பாக்கியிருப்பது இவ்வகையில் ஏற்புடையதே. ஆயினும் சட்டம் தீங்கு நிகழ்ந்தபின் வருவது.

இவ்வளவும் கூறியது இயந்திரத்தை இகழ்தற்கன்று. கதிர்ச் சிகிச்சையால் உயிர் பிழைத்தோர் எண்ணிறந்தோர். இயந்திரத்தைப் பழிப்போரும், அதனைப் போற்றி அதற்கு ஆள்நிலை வேண்டுவோரும், சடத்தைச் செய்வோனாகக் கொள்ளும் பிழையில் ஒன்றுபடுகின்றனர். 1811இல் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் பகுதியிற் பின்னற் பொறிகளை உடைத்த தொழிலாளரை, இயந்திரத்தைப் பகைத்த அறிவிலிகள் என்று இன்றளவும் எள்ளுவர். அவரோ கூலியைக் குறைத்த முதலாளிகளின் பொறிகளைத் தேர்ந்து உடைத்து, ஏனையோர் பொறிகளை விட்டுச்சென்றனர். உடைத்தது தகாது, ஆயினும் பொறிக்குப் பின்னே ஆள் இருப்பதை அவர் மறந்தாரல்லர்.

டைலர் நகரிலும் அதனை மறவாதார் இருவர் இருந்தனர். முதல் விபத்தின்பின் பொறியியலாளர் வந்து சோதித்துக் குறையில்லை என்று கூறிப்போக, இயந்திரம் ஏப்ரல் 7ஆம் நாள் மீண்டும் ஓடிற்று. 11ஆம் நாள் மற்றொருவர் அவ்வாறே தாக்குண்டார். அன்றும் விசையை இயக்கியவர் அப்பெண்ணே. அங்குப் பணிபுரிந்த பௌதிக நூல் வல்லார் உடனே இயந்திரத்தை நிறுத்தினார். குற்றம் இயந்திரத்ததா இயக்கியவரதா என்ற வழக்கில் அவர் இறங்கவில்லை. அப்பெண்ணும் தன் விரல் செய்ததை மறைக்கவோ மறக்கவோ முற்படவில்லை. எந்த எழுத்தை முன் தட்டினார், எதைத் திருத்தினார், எவ்வளவு விரைவாக என்பதை நினைவுகூர்ந்து, வெற்றறையில் மீண்டும் மீண்டும் தட்டிக்காட்டினார். மெதுவாகத் தட்டியபோது ஒன்றும் நிகழவில்லை. விரைந்து தட்டியபோது திரையில் 'பழுது 54' தோன்றிற்று. நிறுவனத்தார் தமக்கு அது தோன்றவில்லை என்றனர். விரைந்து தட்டுக என்று அவர்கட்குச் சொல்லப்பட்டது; தட்டினர்; தோன்றிற்று.